உப்புக் கரைக்கு ஒரு பிக்கப்: எதைப் பூட்டினோம், எதை விட்டோம்

இராமநாதபுரம் கரையில் நண்டும் மீனும் எடுத்து அனுப்பும் ஒரு வியாபாரியின் பிக்கப் வண்டியை மணலுக்கும் சேற்றுக்கும் தயார் செய்த விவரம் இது. இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்கம், மஞ்சள் நம்பர் பிளேட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உரிமையாளர் எனக்கு அண்ணன் முறை. வண்டி வாங்கிய கையோடு ஒரு பட்டியலும் வைத்திருந்தார்: முன்னால் கனமான இரும்பு பம்பர், அதில் வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் ஒரு வின்ச், வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட், அகலமான மட் டயர், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்க்கல் குழாய், கூரைமேல் எல்.இ.டி. விளக்கு.

பட்டியலில் உள்ள எதுவும் மோசமான பொருள் இல்லை. மலைக் காட்டில், ஆற்றைக் கடக்கும் பாதையில், பாறை ஏறும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. ஆனால் சாயல்குடிக்கும் தொண்டிக்கும் இடையே கடலோரம் ஓடுகிற வண்டிக்கு அந்த வேலை வருவதே இல்லை. எந்த மண்ணில், எவ்வளவு பாரத்தோடு, எந்த மாதத்தில் வண்டி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அண்ணனிடமும் அதையே சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். லோடு குறையும், வண்டியைப் பட்டறையில் நிறுத்தலாம். அதற்கு முன்பே வண்டி எங்கே தடுமாறுகிறது என்று கூடவே போய்ப் பார்த்தேன்.

எங்கே நிற்கிறது

மூக்கையூர் மாதிரி மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் காங்கிரீட் வரை லாரியே போய்விடும். சிக்கல் அப்படித் துறைமுகம் இல்லாத சின்னக் கரைகளில்தான். வல்லங்கள் என்கிற நாட்டுப்படகுகள் மணலில் ஏறி நிற்கும். எடை போட்டு வாங்கிய சரக்கை அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். சாலையிலிருந்து இறங்கினால் முதலில் காட்டுக்கருவை (சீமைக்கருவேலம்) நெருக்கி வளர்ந்த வண்டித்தடம், பிறகு பனங்காடு, கடைசியில் வெறும் மணல். சில ஊர்களில் தடத்துக்குப் பக்கத்திலேயே உவர் நிலம் படுத்துக் கிடக்கும்.

போகும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. காலிப் பெட்டிகளோடு துள்ளிக்கொண்டு போய்விடும். ஐஸும் நண்டும் ஏற்றித் திரும்பும்போது, கரைமேட்டில் ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் பின் சக்கரங்கள் புதையும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். சக்கரம் தோண்டும். அச்சு மணலில் உட்காரும். இந்தக் கரையில் இதுதான் முக்கால்வாசிப் பிரச்சினை. வண்டியின் உயரம் போதாமல் நின்றது என்று ஒரு இடத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

இரண்டாவது இடம் உவர் நிலம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே வெள்ளைப் பொருக்கு, கீழே உளை. வெயில் காலத்தில் பொருக்கு தாங்கும், அதைப் பார்த்து நம்பிக்கை வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் மேல்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் சேறு அப்படியே இருக்கும். வண்டி அங்கே இறங்கினால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் போய்விடும். இதற்கு எந்தத் துணைச்சாதனமும் தீர்வு இல்லை. மழை மாதங்களில் உவர் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது என்று வழியையே மாற்றினோம். கூடுதல் தூரம்தான், ஆனால் செலவு டீசல் மட்டும்.

டயரும் காற்றும்

அதிகப் பணம் போன இடம் டயர். அதிகப் பலன் தந்தது காற்று. காற்றை இறக்குவதற்குக் காசு கிடையாது, திரும்ப ஏற்றுவதற்குத்தான் கருவி வேண்டும்.

கணக்கு எளியது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. அப்படியானால் அந்த 500 கிலோவைத் தாங்க மண்ணில் படிய வேண்டிய பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். காற்றை 18க்கு இறக்கினால் அந்தப் பரப்பு சுமார் 400 ஆகிறது. டயர் சுவரின் விறைப்பு கொஞ்சம் தாங்கிக்கொள்வதால் நிஜத்தில் அப்படியே இரண்டு மடங்கு வராது. ஆனாலும் மணலில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: காற்று இறங்கும்போது டயர் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது. நீண்ட தடம் மணலைத் தோண்டாமல் அமுக்கிக்கொண்டு போகும். டயரின் அகலத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் இந்த நீளத்தை மறந்துவிடுகிறார்கள்.

மட் டயர் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதுதான். அதன் ஆழமான கட்டைகள் சேற்றை வாரி வெளியே எறிவதற்காக வடிவமைத்தவை. காய்ந்த மணலில் அதே வேலையைச் செய்தால் வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் இரைச்சல் வேறு, தேய்மானம் வேறு. இந்த வண்டி ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் வகையில், பாரம் தாங்கும் எல்.டி. ரகத்தில், கம்பெனி கொடுத்த அதே 245/70 ஆர்16 அளவில் வாங்கினோம். 265/70க்குப் போகலாமா என்று அண்ணன் கேட்டார். டயரின் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 777 ஆகும். அதில் பாதிதான் தரையிலிருந்து உயரும், அதாவது 14 மில்லிமீட்டர். அந்த 14 மில்லிமீட்டருக்காக கியர் பாரமாகும், ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய நான்கு சதவீதம் குறைத்துக் காட்டும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது கேள்வி வரும். வேண்டாம் என்று முடிந்தது.

நான்கு அல்ல, ஐந்து டயர் வாங்க வேண்டும். நான்கு சக்கரமும் பூட்டி ஓடும்போது ஸ்டெப்னி மட்டும் வேறு விட்டமாக இருந்தால் கியர் பெட்டிக்குக் கேடு. அப்புறம், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கும் கருவி இந்தக் கரையில் துருப்பிடித்து இறுகிவிடும். பஞ்சரான அன்றைக்கு அது அசையாது. அதைக் கழற்றிக் கிரீஸ் வைப்பது சாமான் வாங்குவதற்கு முந்தின வேலை.

காற்று ஏற்ற 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று. இதில் விலை குறைவானதை வாங்காதீர்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்னப் பம்புகள் ஒரு பிக்கப் டயரை நிரப்புவதற்குள் சூடேறித் திணறும்; அந்தத் துளையின் ஃப்யூஸும் அதிக மின்னோட்டத்தைத் தாங்காது. பேட்டரி முனையில் நேரே கவ்வும் வகைதான் சரி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூடவே நல்ல அளவுமானி ஒன்று, உதிரி வால்வு ஊசி சில. மணலில் விழுந்த வால்வு ஊசி திரும்பக் கிடைக்காது.

நடைமுறையில் வைத்த அளவுகள் இவை. மணலில் இறங்குமுன் முன் சக்கரம் 18, லோடு ஏற்றப்போகும் பின் சக்கரம் 22. சிக்கிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று இறக்கலாம். 15க்குக் கீழே போனால் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து வரத் தொடங்குகிறது. தார்ச்சாலையில் ஏறியதும் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும்: குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும், பாரத்தோடு ஓடினால் இன்னும் சீக்கிரம். இந்த ஒன்றில் மட்டும் ஓட்டுநருக்கு எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. கம்ப்ரசர் பழுது என்றால் வண்டி மணலில் இறங்கக் கூடாது.

ஓட்டும் முறையும் கொஞ்சம் மாறியது. மணல் தொடங்குமுன்பே நான்கு சக்கர இயக்கம், புதைந்த பிறகு அல்ல. நிறுத்தும்போது பிரேக் அடிக்காமல் தானாக ஓய்ந்து நிற்க விடுவது. அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடை. முடிந்தவரை மூக்கு இறக்கம் பார்த்தபடி நிறுத்தி லோடு ஏற்றுவது.

முள்

காட்டுக்கருவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் தடத்தை விட்டு இறங்குகிற எந்த வண்டிக்கும் முதல் எதிரி அதுதான். வெட்டிப்போட்ட காய்ந்த கிளையின் முள் டயரில் ஏறி உள்ளே முறிந்து நின்றுவிடும். காற்று உடனே இறங்காது. ராத்திரி முழுக்கக் கசிந்து, விடியற்காலை கிளம்பும்போது சக்கரம் சப்பையாகக் கிடக்கும். டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் நிறைய ரப்பர் திரியும் ஒரு நல்ல குறடும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். முள்ளை முழுசாக உருவாமல் திரி சொருகினால் மிச்சத் துண்டு திரியையே அறுக்கும்.

காற்றை இறக்கிய டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அந்தச் சுவரில் முள் ஏறினால் ஒட்டு நிற்காது, டயரையே மாற்ற வேண்டியதுதான். அதனால் காற்றை இறக்குவது கருவைத் தடம் தாண்டி, மணல் தொடங்குகிற இடத்தில். சாலையோரத்தில் இறக்கிவிட்டு முள்ளுக்குள் ஓட்டுவது பணத்தை எறிவதற்குச் சமம்.

இழுத்து மீட்பது

"வின்ச்சு இல்லாம எப்படிப்பா கரையில இறங்குறது?" என்பதுதான் அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் வின்ச் இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும். திறந்த மணலில் எதைப் பிடிப்பது? கருவை பெரும்பாலும் தூரிலிருந்து பல கிளையாகப் பிரிந்து நிற்கும். வண்டிப் பாரத்துக்குக் கட்ட நல்ல தண்டு அகப்படுவது அரிது. பனை தாங்கும். அது ஒருவருடைய பிழைப்பு, மாநில மரமும்கூட. கம்பி வடம் போட்டு அதன் மேனியை அறுக்க எனக்கு மனம் ஒப்பாது. ஸ்டெப்னியை மணலில் ஆழப் புதைத்து அதில் கட்டி இழுக்கலாம், அது வேலை செய்யும், ஆனால் நண்டு வெயிலில் காத்திருக்கும்போது செய்கிற வேலை அல்ல. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து நூறு கிலோ வரை வண்டியின் மூக்கில் ஏறும். மணலில் மூக்குப் பாரம் நல்லதல்ல. ஏற்றக்கூடிய சரக்கின் எடையிலும் அது கழியும்.

இந்தக் கரையில் நமக்கு இருக்கிற வசதி ஆட்களும் மற்ற வண்டிகளும். வல்லம் கரை ஏறுகிற நேரத்தில் டிராக்டரோ இன்னொரு பிக்கப்போ இருக்கவே செய்யும். ஆக வாங்கியது இழுக்கும் கயிறு: மீட்புக்கென்றே செய்த, நீண்டு சுருங்கும் நைலான் கயிறு, அறுபடும் அளவு வண்டியின் மொத்த எடையைப் போல மூன்று மடங்கு. படகுக் கயிற்றை வைத்து இழுப்பதுதான் இங்கே வழக்கம். பழைய படகுக் கயிறு எவ்வளவு வெயில் தின்றது, எங்கே நைந்தது என்று யாருக்கும் தெரியாது. விறைத்த கயிறு அறுந்தால் அதன் முனையில் இருக்கிற கொக்கி ஆளைக் கொல்லும்.

கயிற்றைவிட முக்கியம் அதைக் கட்டுகிற இடம். வண்டியின் முன்னால் அடியில் இருந்த வளையங்கள் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானவை. வெட்டி இழுக்கும் விசைக்கு அல்ல. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரண்டு பக்கத்திலும் உயர்தர போல்ட்டில் பூட்டிய மீட்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் வைத்தோம். பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற உருண்டையில் ஒருபோதும் கயிறு கட்டக் கூடாது என்பதை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பலமுறை சொன்னேன், அது முறிந்து பறந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி. கயிற்றைக் கொக்கியில் மாட்ட 4.75 டன் தாங்கும் ஷேக்கிள் வளையங்கள், இழுக்கும்போது கயிற்றின் நடுவில் போட ஒரு ஈரச் சாக்கு. இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கக் கூடும் பிள்ளைகளைத் தூர அனுப்புவது ஓட்டுநரின் பொறுப்பு.

புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பிளாஸ்டிக் மணல் பலகைகளும் வாங்கினோம். தென்னை மட்டையை அடுக்கியும் சமாளிக்கலாம். பனை மட்டை வேண்டாம். அதன் கருக்கு ரம்பம் போல டயர் சுவரைக் கீறும். நீளக் காம்பு மண்வெட்டி ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடித்த பலகை ஒன்று. பலகை இல்லாத ஜாக்கி மணலுக்குள் போகுமே தவிர வண்டி மேலே வராது.

விட்டவை

லிஃப்ட் கிட், ஸ்நார்க்கல், கூரை விளக்கு மூன்றும் விரைவில் முடிந்தன. தூக்கிய வண்டியில் பாரம் உயர்ந்து நிற்கும், முன் அச்சு மூட்டுகளின் கோணம் கெடும். அதற்குப் பதிலாகத் தளர்ந்திருந்த பின் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளையும் ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். பட்டைக் கட்டில் கூடுதலாக ஒன்று சேர்க்கச் சொன்ன பட்டறை யோசனையை ஏற்கவில்லை, காலி வண்டி தார்ச்சாலையில் உதறும். ஸ்நார்க்கல் இருக்கிறது என்று யாராவது கடல் தண்ணீரில் இறக்கினால் எஞ்சின் தப்பும், மீதி வண்டி தப்பாது. கூரை விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் கெடுக்கும். முகப்பு விளக்கின் கண்ணாடியையும் ஒயரையும் புதுப்பித்தோம், தொட்டிக்குள் லோடு ஏற்ற ஒரு சின்ன விளக்கு ஃப்யூஸோடு வைத்தோம்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் பூட்டும் இரும்புத் தடுப்புகளைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மஞ்சள் பிளேட் வண்டி எஃப்.சி.க்குப் போய்த்தான் ஆக வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸில் கை விரிக்கவும் இடமுண்டு.

உப்பு

இந்தக் கரையில் ஒரு பிக்கப்பைக் கொல்வது மணல் அல்ல, உப்பு. கடற்காற்று, சக்கரம் வாரி அடிக்கும் ஈர மணல், தொட்டியில் வழியும் ஐஸ் தண்ணீர் மூன்றும் சேர்ந்து சேசிஸை உள்ளிருந்து தின்னும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கதவு இடுக்குவரை வரும்.

கழுவுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில்? கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் புது உப்புப் படலம். நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அல்லது விலைக்கு வாங்கும் குடம். குடிக்கிற ஊருணியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வயலில் மருந்து அடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஒன்று புதிதாக வாங்கினோம். முதலில் உலர்ந்த மணலைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி எடுப்பது, பிறகு நல்ல தண்ணீரை நீளக் குழலால் சேசிஸ் துளைகளுக்குள்ளும் லீஃப் பட்டைகளுக்கு இடையிலும் பிரேக் குழாய் ஓரத்திலும் அடிப்பது. தெளிப்பான் ஒருமுறை நிறையும் தண்ணீர் போதும். ஆல்-டெரெய்ன் டயருக்கு அடுத்து, இந்த வண்டியின் ஆயுளுக்கு நான் மதிக்கிற சாமான் இந்தத் தெளிப்பான்தான்.

வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் பூச்சில் கறுப்பு ரப்பர் வகையைத் தவிர்த்தோம். கல் பட்டு ஒரு இடத்தில் விரிசல் விட்டால் உப்புத் தண்ணீர் அதற்குள் போய் வெளியே தெரியாமல் துரு வளரும். மெழுகு வகைப் பூச்சு மென்மையாக இருக்கும், ஆண்டுக்கொருமுறை திரும்ப அடிக்கலாம், அடியில் நடப்பதும் தெரியும். பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் பழக்கம் வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், கரை மணலிலும் சொட்டும்.

எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு போட்டோம். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரிக்கும். அதனால் நடுவில் நைலான் வாஷரும் கிரீஸும். தகட்டில் தேங்கும் மணல் வடியத் துளைகள். ஒயர் இணைப்புகளில் மின்கடத்தாக் கிரீஸ். தொட்டியில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றினோம், அதன் அடியில்தான் உப்புத் தண்ணீர் தங்கியிருந்தது. தகரத்தைச் சுரண்டி நேரடியாகத் தடித்த பூச்சு அடித்தாயிற்று. நண்டுப் பெட்டிகள் இப்போது ரப்பர் கட்டைகள் மேல் நிற்கின்றன, தண்ணீர் அடியில் ஓடி வடிதுளைக்குப் போகிறது.

கரைக்கும் கணக்கு உண்டு

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையான 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிட ஏறும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. எடுக்காமல் விட்டுப்போன கூட்டின் மேல் ஒரு பிக்கப் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சக்கரத் தடம் பள்ளமாகக் கிடந்தால் பொரித்த குஞ்சுகள் அதில் விழுந்து கடலுக்குப் போகாமல் பள்ளத்தோடே அலையும். ஆகவே சரக்கு எடுக்க ஒரே தடம். அதை விட்டு விலகிக் கரையோரமாக ஓட்டுவது கிடையாது, அந்த மாதங்களில் இருட்டில் மணலில் இறங்குவதும் கிடையாது. பள்ளம் விழுந்த தடத்தை வண்டியில் இருக்கும் மண்வெட்டியால் நிரவிவிட்டு வருவதையும் பழக்கமாக்கினோம்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல் வழி ஜீப்பும் வேனும்தான். இப்போது அந்தச் சாலையை விட்டு மணலில் இறங்க எந்த வேலையும் இல்லை. 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது; அங்கே வண்டியின் பலத்தைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறேன்.

இப்போதைய நிலை

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் டயருக்குப் போனது. அடுத்து கம்ப்ரசரும் மீட்புக் கொக்கிகளும், பிறகு அடிப்பூச்சு. பழைய பட்டியலில் வின்ச்சுக்கும் பம்பருக்கும் ஒதுக்கியிருந்த தொகை அப்படியே மிஞ்சியது. ஐஸ் லோடோடு கரைமேட்டில் வண்டி இப்போது நிற்காமல் ஏறுகிறது. காற்றை இறக்கவும் ஏற்றவும் ஆகிற நேரத்தைப் பற்றி ஓட்டுநர் முதலில் முணுமுணுத்தார். மணலில் தோண்டிக்கொண்டிருந்த நேரம் அதைவிட அதிகம் என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். மணல் பலகை அவ்வப்போது வேலைக்கு வருகிறது, பெரும்பாலும் மற்றவர்களின் வண்டிக்கு.

முடிவு செய்யாமல் இருப்பது தொட்டிக்கு மூடி. வெயிலில் ஐஸ் உருகுவதைத் தடுக்கும் என்று அண்ணன் ஃபைபர் கேனோப்பி கேட்கிறார். மேலே எடை ஏறும், பின்னால் பார்வை மறையும், காப்புப் பெட்டியே அந்த வேலையைச் செய்யும் என்பது என் கட்சி. அடுத்த தடைக்காலத்தில் அடித்தகட்டைக் கழற்றி போல்ட்டுகளையும் சேசிஸ் துளைகளையும் பார்க்கும்போது, தொட்டியின் பூச்சு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு அதையும் பேசித் தீர்ப்போம்.